வெள்ளிக்கிழமை மாலையை விற்காத அச்சகக்காரர்

போன வருஷம் என் அப்பாவின் திதியை மறந்துவிட்டேன். கிள்ளானில் சின்னதாக ஓர் அச்சகம் வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, பேனர், கோயில் திருவிழா நோட்டீஸ் எல்லாம் அடிப்போம். அன்றைக்கு ஓர் அவசர ஆர்டர். ராத்திரி பத்தரைக்கு வீட்டுக்குப் போனால், படையல் போட்ட இலைக்கு முன்னால் அம்மா தனியாக உட்கார்ந்திருந்தார். ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது.

அதற்கு முன்பும் நம் தோழர்கள் வெள்ளிக்கிழமை பஜனைக்குக் கூப்பிடும்போதெல்லாம், நேரமில்லை அண்ணே என்று சொல்லியே ரெண்டு வருஷம் ஓட்டியவன் நான். சொந்தத் தொழில் செய்கிறவனுக்கு ஏது நேரம் என்று உண்மையாகவே நம்பினேன். அந்தச் சமயத்தில்தான் என்னைப் போலவே அச்சகம் நடத்திய ஒருவரின் வாழ்க்கை வரலாறு கைக்கு வந்தது. அமெரிக்காவின் பெஞ்சமின் பிராங்க்ளின். நூறு டாலர் நோட்டில் இருக்கிறாரே, அவரேதான். பட்டம் விட்டு மின்னலை ஆராய்ந்த விஞ்ஞானி என்று பள்ளியில் படித்திருக்கிறோம். அவர் முதலில் ஒரு கடைக்காரர் என்பது எனக்குத் தெரியாது.

1706-இல் பாஸ்டன் நகரில் பிறந்தார். அப்பா மெழுகுவர்த்தியும் சவர்க்காரமும் செய்து விற்றவர். 17 பிள்ளைகளில் இவர் 15-ஆவது. பள்ளிக்கூடம் போனது ரெண்டே வருஷம். 12 வயதில் அண்ணன் ஜேம்ஸின் அச்சகத்தில் தொழில் பழகச் சேர்த்துவிட்டார்கள்.

படிக்க ஆசை, ஆனால் நேரமும் இல்லை, காசும் இல்லை. 16 வயது வாக்கில் இறைச்சி சாப்பிடுவதை நிறுத்தினார். தன் சாப்பாட்டுக்கு ஆகும் பணத்தில் பாதியைக் கையில் கொடுத்தால் போதும் என்று அண்ணனிடம் கேட்டு வாங்கினார். அந்தப் பாதியிலும் பாதி மிச்சமானது. அது புத்தகத்துக்குப் போனது. மற்றவர்கள் சாப்பிடப் போயிருக்கும் நேரத்தில், ஒரு துண்டு ரொட்டி, கொஞ்சம் உலர்ந்த திராட்சை, தண்ணீர் என்று சீக்கிரம் முடித்துக்கொண்டு, ஆளில்லாத அச்சகத்தில் உட்கார்ந்து படித்தார். நாம் சாமிக்காக இருக்கும் விரதத்தை இவர் நேரத்துக்காக இருந்தார்! பின்னாளில் கப்பலில் மீன் வறுத்த வாசத்தில் அந்த விரதம் கலைந்தது வேறு கதை.

அண்ணனோடு ஒத்துப்போகாமல் 17 வயதில் பிலடெல்பியாவுக்கு ஓடிவந்தார். 1728-இல் ஒரு கூட்டாளியோடு, கடன் உதவியோடு, சொந்த அச்சகம் தொடங்கினார். அடுத்த வருஷம் ஒரு செய்தித்தாளையும் வாங்கினார். உழைப்பு என்றால் அப்படியோர் உழைப்பு. வாங்கிய காகிதத்தைத் தானே தள்ளுவண்டியில் வைத்துத் தெரு வழியே தள்ளிக்கொண்டு வருவார். ஒருநாள் ராத்திரி, எழுத்து கோத்து முடித்த பக்கங்கள் சிதறிவிட்டன. அத்தனையையும் மறுபடி கோத்த பிறகே படுக்கப் போனார். மனைவி டெபோரா கடையைப் பார்த்துக்கொண்டார், அச்சடித்த தாள்களை மடித்துத் தைத்தும் கொடுத்தார்.

இதுவரைக்கும் நம்ம கதை மாதிரிதான் இருக்கிறது. நான் திடுக்கிட்டது அடுத்த விஷயத்தில். 1727-இல், இன்னொருவரிடம் சம்பளத்துக்கு வேலை செய்துகொண்டிருந்தபோதே, நண்பர்களைச் சேர்த்து ஜுண்டோ என்றொரு மன்றம் ஆரம்பித்தார். செருப்புத் தைப்பவர், நில அளவையாளர், எழுத்தர் என்று பெரும்பாலும் உழைக்கும் ஆட்கள். கூடிய நாள் எது தெரியுமா? வெள்ளிக்கிழமை மாலை. கடன் கழுத்தை நெரித்த வருஷங்களிலும் அந்த மாலையை அவர் விற்கவில்லை. 1731-இல் ஊருக்கு ஒரு சந்தா நூலகம் பிறந்தது அந்த நட்பிலிருந்துதான். 1736-இல் தீயணைப்புக் குழு ஒன்றும் அமைத்தார். நூலகம் வந்த பிறகு தினமும் ஒன்றிரண்டு மணி நேரம் படிப்புக்கென்றே ஒதுக்கினார்.

தன் நாளை அவர் ஓர் அட்டவணையாகவே எழுதி வைத்திருந்தார். காலை 5 மணிக்கு எழுந்து, குளித்து, பிரார்த்தனை செய்து, அன்றைக்குச் செய்ய வேண்டிய நல்லது எது என்று முடிவு செய்வார். 8 முதல் 12 வரை வேலை. பிறகு ரெண்டு மணி நேரம் சாப்பாடு, படிப்பு, கணக்குப் பார்ப்பது. 2 முதல் 6 வரை மறுபடி வேலை. அதற்குப் பிறகு சாமான்களை எடுத்த இடத்தில் வைப்பது, இரவு உணவு, இசை, பேச்சு, அன்றைய நாளைப் பற்றிய சுயபரிசோதனை. 10 மணிக்குத் தூக்கம். கூட்டிப் பாருங்கள். வேலை 8 மணி நேரம், தூக்கம் 7 மணி நேரம். நான் 14 மணி நேரம் கடையில் இருந்தேன். அதில் எத்தனை மணி நேரம் வாட்ஸ்அப்பில் போனது என்று எண்ணியதே இல்லை.

சரி, அட்டவணைப்படியே வாழ்ந்தாரா? அதுதான் இல்லை. 13 நற்குணங்களை ஒரு சின்ன நோட்டில் எழுதி, வாரத்துக்கு ஒன்றில் கவனம் வைத்து, தவறும்போதெல்லாம் கரும்புள்ளி குத்துவார். 13 வாரத்தில் ஒரு சுற்று, வருஷத்துக்கு நாலு சுற்று. அதில் அவரை ரொம்பப் படுத்தியது ஒழுங்குதான். கூலிக்கு அச்சடிக்கும் தொழிலாளிக்கு இந்த அட்டவணை சரிப்படலாம். முதலாளிக்கோ, வாடிக்கையாளர் அவரவருக்குத் தோன்றிய நேரத்தில் வந்து நிற்பார்கள் என்பதை அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார். முழுசாக வெற்றி பெறாவிட்டாலும், முயன்றதாலேயே முன்பைவிட நல்ல மனிதனானதாகக் கருதினார். படித்ததும் எனக்கு மூச்சு வந்தது.

எல்லாவற்றையும் தானே செய்யவும் இல்லை. 1731-இல் தன்னிடம் வேலை பார்த்த ஒருவரைச் சார்ல்ஸ்டன் நகருக்கு அனுப்பி, அச்சு இயந்திரமும் எழுத்துகளும் கொடுத்தார். செலவில் மூன்றில் ஒரு பங்கு தன்னுடையது, லாபத்திலும் மூன்றில் ஒரு பங்கு. இப்படிப் பல ஊர்களில் கூட்டாளிகள் வந்தார்கள். 1748-இல், 42 வயதில், தன் அச்சகத்தையே மேற்பார்வையாளர் டேவிட் ஹாலிடம் 18 வருஷக் கூட்டு ஒப்பந்தத்தில் ஒப்படைத்துவிட்டு அன்றாடத் தொழிலிலிருந்து விலகினார். 1752-இல் பட்டம் விட்டது அப்படி மீட்ட நேரத்தில்தான்.

ஆனால் அவரை அப்படியே கும்பிடவும் முடியவில்லை. அவர் வீட்டில் அடிமைகள் இருந்தார்கள். அவருடைய ஓய்வுக்குப் பின்னால் அவர்கள் உழைப்பும் உண்டு. கடைசிக் காலத்தில்தான் அடிமை முறை ஒழிப்புச் சங்கத்துக்குத் தலைவரானார். இன்னொன்று, 1764-இல் அரசியல் வேலையாக லண்டன் போனவர் பத்து வருஷம் திரும்பவில்லை. கடல் கடக்க அஞ்சிய டெபோரா பிலடெல்பியாவிலேயே காத்திருந்து, 1774-இல் கணவர் முகத்தைப் பார்க்காமலே இறந்துபோனார். நேரத்தை அவ்வளவு கணக்குப் பார்த்தவர், கடை திறந்த நாளில் தாள் மடித்துக் கொடுத்த மனைவிக்கு அதை ஒதுக்கவில்லை. அந்தப் பக்கத்தைப் படித்தபோது இலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்த அம்மாதான் ஞாபகத்துக்கு வந்தார். பிராங்க்ளின் 1790-இல் 84 வயதில் காலமானார்.

நான் பெரிசாக ஒன்றும் செய்துவிடவில்லை. ஒரு தாளில் முதலில் விற்கக்கூடாத நேரங்களை எழுதினேன். வெள்ளி மாலை, அம்மாவோடு இரவுச் சாப்பாடு, அப்பாவின் திதி. மிச்ச நேரத்தில்தான் ஆர்டர். டிசைன் வேலையை என்னிடம் மூன்று வருஷமாக இருக்கும் தம்பியிடம் விட்டேன். ராத்திரி வரும் செய்திக்குக் காலையில்தான் பதில். ஒன்றிரண்டு ஆர்டர் கைவிட்டுப் போனது உண்மை. இன்னும் வாரத்தில் ரெண்டு நாளாவது அட்டவணை குலையத்தான் செய்கிறது. நானும் புள்ளி குத்திக்கொள்கிறேன்.

இந்த வருஷம் திதிக்கு மத்தியானமே கடையைச் சாத்திவிட்டேன். இலை வெட்டியது நான். அம்மா இப்பவும் ஒன்றும் சொல்லவில்லை. காக்கைக்கு வைக்கச் சொல்லி, சோற்றை என் கையில் கொடுத்தார்.

தொழில் செய்யும் தம்பி தங்கைகளே, இன்று ராத்திரி ஒரு தாள் எடுங்கள். விற்கக்கூடாத நேரத்தை முதலில் எழுதுங்கள். வெள்ளிக்கிழமை பஜனையில் பார்ப்போம். நான் வந்துவிடுவேன்.