முள் காட்டிய உண்மை

பட்டறையில் வேலை செய்கையில் விரலில் இரும்புப் பிசிர் ஏறுகிறது. மறுநாள் அந்த இடம் சிவக்கிறது, வீங்குகிறது, சீழ் கட்டுகிறது. கெட்ட இரத்தம் என்கிறோம். அல்ல, தோழர்களே! அது போர்க்களம். சீழ் என்பது கிருமிகளோடு பொருது மடிந்த வீரர்களின் குவியல். இந்தப் படையை உலகுக்குக் காட்டியவர் இலியா மெச்னிகாவ்.

1845இல் உக்ரைனின் கார்கிவ் அருகே பிறந்தவர். 1873இல் காசநோய் அவருடைய முதல் மனைவியைக் கொண்டுபோயிற்று. 1882இல் ஒடெசா பல்கலைக் கழகப் பதவியை உதறிவிட்டு இத்தாலியின் மெசினா கடற்கரைக்குச் சென்றார். அங்கே, கண்ணாடி போன்ற உடல் கொண்ட நட்சத்திரமீன் குஞ்சுகளில் ரோஜா முட்களைச் செருகினார். இரவெல்லாம் உறக்கமில்லை. விடிந்ததும் நுண்ணோக்கியில் பார்த்தார். ஊர்ந்து திரியும் உயிரணுக்கள் முள்ளைச் சூழ்ந்து நின்றன!

நம் இரத்தத்தின் வெள்ளையணுக்களுக்கும் இதுவே தொழில் என்றார். கிருமியை வளைக்கும், விழுங்கும், செரிக்கும். பிறவியிலேயே அமைந்த காவற்படை அது, முன்பழக்கம் வேண்டியதில்லை. சிறியவை முந்திப் பாய்ந்து மடியும். பெரியவை பின்வந்து களத்தைத் துப்புரவு செய்யும்.

அறிஞர் பலர் எதிர்த்தனர். வெள்ளையணு கிருமியைச் சுமந்து பரப்பும் வண்டி என்றனர்; குருதிநீரே கிருமியைக் கொல்கிறது என்றனர். அவர் மசியவில்லை. 1888 முதல் பாரிசின் பாஸ்டர் நிலையத்தில் ஆய்வாலேயே விடையளித்தார். 1908இல் நோபல் பரிசு, குருதிநீரின் ஆற்றலை ஆராய்ந்த பால் எர்லிக்குக்கும் அவருக்கும் சேர்த்தே கிடைத்தது. இருபுறமும் உண்மை இருந்தது. 1916இல் மறைந்தார்.

காயத்தைக் கழுவுங்கள், கட்டுங்கள். முற்றினால் மருத்துவரிடம் செல்லுங்கள். உள்ளே பெயரறியாப் படையொன்று உங்களுக்காக மடிவதையும் மறவாதீர்கள்.