தவளை நெஞ்சில் கிடைத்த வழி

கைவண்டியில் செம்பனைக் குலையை ஏற்றி மேட்டில் தள்ளும்போது நமக்கு மேல்மூச்சு வாங்குது. அப்படி இழுக்கிற காற்று எப்படி ரத்தத்தில் சேருகிறது? இதற்கு முதல் வழி காட்டியவர் இத்தாலி நாட்டு வைத்தியர் மார்செல்லோ மல்பீகி. அவர் கதையைக் கொஞ்சம் பார்ப்போம்.

1628-இல் பொலோனியா நகருக்குப் பக்கத்தில் பிறந்தார். 21 வயதில் தாய் தகப்பன் இருவரையும் பறிகொடுத்தார். மூத்த பிள்ளை, தம்பி தங்கைகளின் பாரம் இவர் தலையில் விழுந்தது. படிப்பு தடைப்பட்டது. ஆனாலும் விடவில்லை, 1653-இல் வைத்தியப் பட்டம் பெற்றார்.

ரத்தம் உடம்பைச் சுற்றி வருகிறது என்று இங்கிலாந்து வைத்தியர் ஹார்வி 1628-லேயே எழுதிவிட்டார். ஆனால் இதயத்தை விட்டுப் போகிற குழாயிலிருந்து, திரும்பி வருகிற குழாய்க்கு ரத்தம் எப்படித் தாண்டுகிறது? அதைக் காணாமலே ஹார்வி 1657-இல் கண்ணை மூடினார்.

1661-இல் மல்பீகி தவளையின் நுரையீரலை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தார். சதைப்பிண்டம் என்று நினைத்திருந்த நுரையீரல், குட்டிக் குட்டிக் காற்றுப் பைகளின் கூட்டம்! பைகளின் சுவரில், மயிரிழையை விட மெல்லிய ரத்தக் குழாய்கள் வலை பின்னிக் கிடந்தன. ஹார்விக்குக் கிடைக்காத வழி இதுதான்.

பிராணவாயு என்ற ஒன்றை அன்று யாரும் அறியார். மீதியைப் பின்னால் வந்தவர்கள் கண்டார்கள். காற்றுப் பையின் சுவரும் ரத்தக் குழாயின் சுவரும் சேர்த்தே, மெல்லிய இடத்தில், ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய 2,000-இல் ஒரு பங்குதான். அவ்வளவு மெல்லிசு என்பதால்தான் கண்ணிமைக்கும் நேரத்தில் பிராணவாயு ரத்தத்துக்குள் போகிறது, கரியமில வாயு வெளியே வருகிறது. சுவர் தடித்தாலோ, நீர் கோத்தாலோ மூச்சு முட்டும்.

பழமை பேசிய பேராசிரியர்கள் மல்பீகியை எதிர்த்தார்கள். 1684-இல் வீடு தீப்பிடித்து மைக்ராஸ்கோப்பும் எழுத்துகளும் சாம்பலாயின. அவர் சோர்ந்துவிடவில்லை. 1691-இல் போப்பாண்டவரின் வைத்தியராக ரோமாபுரி போனார். 1694-இல் அங்கேயே காலமானார்.

தோழர்களே, பாராகுவாட் என்ற களைக்கொல்லி உடம்புக்குள் போனால் இந்த மெல்லிய சுவரைத்தான் கெடுத்துத் தடிக்க வைக்கும். 2020-இல் மலேசியா அதைத் தடை செய்தது. ஸ்டோரில் பழைய டின் கிடந்தால் தொடாதீர்கள், நிர்வாகத்திடம் சொல்லுங்கள். எந்த மருந்து அடிக்கப் போனாலும் முகக் கவசத்தைக் கேட்டு வாங்கிப் போடுவோம். கேட்பது பிச்சை அல்ல, நம் உரிமை.