மலையெல்லாம் நடந்த வுட் துரை

கையில் ஒரு கைத்தடி. சட்டைப் பை நிறையத் தேக்கு விதை. பொழுது விடிந்தால் மலை ஏறுவதும் இறங்குவதுமே வேலை.

பொள்ளாச்சியை அடுத்த ஆனைமலைக் காடுகளில் இப்படி ஆண்டுக்கணக்காக நடந்தவர் ஹியூகோ வுட் என்ற வெள்ளைக்கார வன அதிகாரி. அவர் 1870-ம் ஆண்டில் பிறந்தவர். காலமாகி 90 ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டன. ஆனாலும் ஆனைமலையில் அவர் பெயர் மறையவில்லை.

உருண்டு போன மரங்கள்

பொள்ளாச்சியிலிருந்து சேத்துமடை வழியாக மலை ஏறினால் டாப்சிலிப் என்ற இடம் வரும். வெட்டிய மரங்களை மலை உச்சியிலிருந்து சரிவில் உருட்டி விட்டார்கள். அதனால்தான் இந்த இங்கிலீஷ் பெயர் வந்தது.

ஆனைமலைத் தேக்குக்கு அந்த நாளில் பெரிய கிராக்கி. தண்ணீரில் கிடந்தாலும் தேக்கு எளிதில் உளுத்துப் போகாது. ஆகவே, பம்பாயில் கப்பல் கட்ட அது தேவைப்பட்டது. 1848-ல் மைக்கேல் என்ற ராணுவ அதிகாரியின் மேற்பார்வையில் இங்கே அரசாங்கம் தேக்கு வெட்டத் தொடங்கியது. பிறகு ரயில் வந்தது. தண்டவாளத்துக்கு அடியில் போடும் கட்டைகளுக்கும் மரம் வேண்டியிருந்தது.

வெட்டினார்கள், வெட்டினார்கள். மலை மொட்டையாகிக் கொண்டே வந்தது.

துரை செய்த முடிவு

முதல் உலகப் போர் நடந்த காலத்தில் வுட் இந்தப் பகுதிக்கு அதிகாரியாக வந்தார். அப்போது அவருக்கு வயது சுமார் 45. காட்டின் நிலைமையைப் பார்த்தார். இப்படியே போனால் காடு மிஞ்சாது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

மரத்தை அடியோடு அழிக்கக் கூடாது, அடிக்கட்டையை விட்டுவிட்டு வெட்ட வேண்டும் என்று அவர் யோசனை கூறினார். தேக்கின் கட்டை மறுபடியும் தளிர்க்கும். வெட்டிய இடத்துக்கு ஓய்வு கொடுத்தால் காடு தானே எழுந்து நிற்கும்.

யோசனை சொன்னதோடு அவர் நிற்கவில்லை. தாமே நடக்கத் தொடங்கினார்.

ஒரு குத்து, ஒரு விதை

போகிற வழியில் கைத்தடியால் மண்ணில் ஒரு குத்துக் குத்துவாராம். அந்தக் குழியில் ஒரு விதையைப் போட்டு மூடுவாராம். பிறகு அடுத்த அடி, அடுத்த குழி. துரையைப் பற்றி ஆனைமலையில் இன்றும் சொல்லும் கதை இது.

இது லேசான வேலை அல்ல. மழைக்காலத்தில் கால் வழுக்கும். அட்டை கடிக்கும். யானையும் காட்டெருமையும் குறுக்கே வரும். ஒரு மேட்டை ஏறி முடித்தால் அடுத்த மேடு எதிரே நிற்கும்.

தேக்கு விதை அவசரப்படாது. அதன் ஓடு கெட்டி. வெயிலும் மழையும் மாறி மாறிப் பட்டால்தான் இளகும். முளைத்த பிறகும் மரம் முற்றப் பல பத்து ஆண்டுகள் ஆகும். 45 வயதுக்கு மேல் விதை போட்டவர் அது முற்றிய மரமாவதைப் பார்க்க முடியுமா? முடியாது. இது துரைக்கும் தெரியும். தெரிந்தும் நடந்தார்.

ஐரோப்பாவில் மாண்ட் பிளாங்க் என்ற பனிமலையைச் சுற்றி ஓர் ஓட்டப் பந்தயம் 2003-ல் தொடங்கியது. தூரம் சுமார் 170 கிலோமீட்டர். இரவு பகலாக ஓடுகிறார்கள். கால் கெஞ்சினாலும் மனம் மகிழ்கிறது என்பதற்காகவே அதில் பலர் சேருகிறார்கள். வுட் துரைக்கோ பந்தயமும் இல்லை, பரிசும் இல்லை, கை தட்ட ஆளும் இல்லை. கடந்து வந்த வழியில் விதைகள் இருந்தன. அதுவே அவருக்குப் போதுமானதாக இருந்தது.

கடைசி விருப்பம்

துரை கல்யாணம் செய்து கொள்ளவில்லை. 1933-ல் அவர் காலமானார். தம்மை ஆனைமலையிலேயே, தாம் வளர்த்த மரங்களின் நடுவிலேயே அடக்கம் செய்ய வேண்டும் என்பது அவருடைய விருப்பம். அந்த மலையில் அவர் கண்ட சுகத்துக்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

விருப்பம் நிறைவேறியது. டாப்சிலிப்புக்கு அருகே மவுண்ட் ஸ்டூவர்ட் என்ற இடத்தில் அவருடைய கல்லறை இருக்கிறது. அதில் லத்தீன் மொழியில் ஒரு வாசகம் செதுக்கப்பட்டுள்ளது. நினைவுச்சின்னம் எங்கே என்று தேடுகிறவர்களைச் சுற்றிலும் பார்க்கச் சொல்கிறது அது. லண்டனில் செயின்ட் பால் பேராலயத்தைக் கட்டிய கிறிஸ்டோபர் ரென்னின் கல்லறைக்கும் இதே வாசகம்தான். அவருக்குக் கல் கட்டடம். இவருக்குக் காடு.

அரசாங்கத்துக்கு மரம் வேண்டும் என்பதற்காகத்தான் அன்று தேக்கு வளர்த்தார்கள். தேக்கு மட்டும் இருந்தால் போதாது, பல வகை மரங்களும் கலந்திருந்தால்தான் காட்டு உயிர்கள் செழிக்கும் என்று இன்றைய அறிஞர்கள் கருதுகிறார்கள். அந்த மலை 1976-ல் வனவிலங்குச் சரணாலயம் ஆயிற்று. 2007-ல் புலிகள் காப்பகம் ஆயிற்று. கோடரிக்காக வளர்ந்த காட்டில் இன்று யானையும் புலியும் நடமாடுகின்றன.

டாப்சிலிப்புக்குக் குழந்தைகளோடு போகிறவர்கள், கீழே விழுந்து கிடக்கும் இளந்தேக்கு இலை ஒன்றை எடுத்துக் கசக்கிப் பார்க்கலாம். விரல் சிவக்கும். அந்த மரத்தின் பாட்டனை நட்டவர் யார் என்று குழந்தை கேட்டால், வுட் துரையின் கதையைச் சொல்லலாம்.