மணியோசை ஓய்ந்தபோது

பேலூர் மடம் நிறுவப்பட்ட ஆரம்ப காலம் அது. மேலைநாடுகளில் இரண்டாம் முறை பயணத்தை முடித்துக்கொண்டு, சுவாமி விவேகானந்தர் 1900-ஆம் ஆண்டு டிசம்பர் 9-ஆம் நாள் மடத்திற்குத் திரும்பியிருந்தார். அதன் பின்னர் அவரைத் தரிசிக்க வந்த அன்பர்களில் சிலர் சற்றும் எதிர்பாராத காட்சி ஒன்றைக் கண்டார்கள். சிகாகோ சர்வ சமயப் பேரவையில் உலகத்தை விழித்தெழச் செய்த அந்த மாமனிதர் ஓர் ஆட்டுக்குட்டியுடன் ஓடி விளையாடிக்கொண்டிருந்தார்! அவர் ஓடினால் குட்டியும் துள்ளிக்கொண்டு ஓடும். அவர் நின்றால் அதுவும் அவரது காலருகில் வந்து நிற்கும். அதன் கழுத்தில் கட்டியிருந்த சிறுமணிகள் கலகலவென்று ஒலிக்கும். அந்தக் குட்டிக்கு மத்ரு என்று பெயர் சூட்டியிருந்தார் சுவாமிஜி.

ஒருநாள் அந்த மணியோசை ஓய்ந்தது. மத்ரு இறந்துவிட்டது. சுவாமிஜி துயரத்தில் ஆழ்ந்தார். அந்தத் துயரத்தை அவர் யாரிடமும் மறைக்கவில்லை.

ஆத்மா பிறப்பதும் இல்லை, இறப்பதும் இல்லை என்று உலகெங்கும் முழங்கிய ஞானி, ஓர் ஆட்டுக்குட்டியின் மரணத்திற்காக வருந்தலாமா? இந்தக் கேள்வி எழுவது இயல்பே. இதற்கான விடை அவரது வாழ்க்கையிலேயே இருக்கிறது.

இளமையிலேயே அரும்பிய அன்பு

1863-ஆம் ஆண்டு ஜனவரி 12-ஆம் நாள் கல்கத்தாவில் பிறந்த நரேந்திரனுக்குச் சிறுவயது முதலே பிராணிகளிடம் அளவற்ற பிரியம் உண்டு. வீட்டுப் பசு அவனது விளையாட்டுத் தோழி. குரங்கு, ஆடு, மயில், புறாக்கள், சில சீமைப் பெருச்சாளிகள் என்று அவன் வளர்த்தவை பல.

காலம் அந்தச் சிறுவனை வேறொரு பாதையில் அழைத்துச் சென்றது. ஸ்ரீராமகிருஷ்ணரின் திருவடிகள், பரிவிராஜக வாழ்க்கை, கடல் கடந்த பயணங்கள், ஓயாத பணி என்று ஆண்டுகள் உருண்டன. ஆயினும் தட்சிணேசுவரத்தில் குருதேவரிடம் கேட்ட ஓர் உண்மை அவரது உள்ளத்தில் நிலையாகப் பதிந்துவிட்டது. ஜீவன்களிடம் இரக்கம் காட்டுவதற்கு நாம் யார்? ஜீவனையே சிவனாகக் கண்டு சேவை செய்ய வேண்டும் என்பதே அந்த உண்மை. மனிதனுக்குச் செய்யும் சேவைக்கு மட்டுமல்லாமல், வாயில்லாப் பிராணியின் பசியைத் தீர்ப்பதற்கும் அதுவே அடிப்படையாயிற்று.

மடத்தில் வளர்ந்த குடும்பம்

பேலூருக்குத் திரும்பியபோது சுவாமிஜியின் உடல் பெரிதும் தளர்ந்திருந்தது. நீரிழிவும் ஆஸ்துமாவும் அவரை வாட்டின. கால்கள் வீங்கின. பெரும் பொறுப்புகளை ஒவ்வொன்றாகச் சகோதரத் துறவியரிடம் ஒப்படைத்துவிட்டு, பிராணிகளின் நடுவே பல மணி நேரத்தைக் கழித்தார். பசுக்கள், ஆடுகள், நாய்கள், வாத்துகள், பெரிய நாரை ஒன்று, பழகிய மான் ஒன்று என அந்தக் குடும்பம் வளர்ந்தது. நாள் முழுவதும் இவற்றைப் பார்த்துக்கொள்வதே தமது வேலை என்ற பொருளில் 1901-இல் ஓர் அமெரிக்க அன்பருக்குக் கடிதமும் எழுதினார்.

அவை நன்றாக உண்டனவா, அவற்றின் இருப்பிடங்கள் சுத்தமாக உள்ளனவா என்பதை அவரே நேரில் கவனித்தார். சுவாமி சதானந்தர் இதில் அவருக்குப் பெருந்துணையாக இருந்தார். ஹன்சி என்பது ஒரு வெள்ளாட்டின் பெயர். தேநீருக்குப் பால் வேண்டுமானால் சுவாமிஜி ஹன்சியிடம் சென்று, குழந்தை தாயிடம் கேட்பதுபோல் கெஞ்சிக் கேட்பார். கொடுப்பதும் கொடுக்காததும் அதன் விருப்பம் என்பதுபோல் நடந்துகொள்வார்.

இந்தக் குடும்பத்தினால் சிறு பூசல்களும் விளைந்தன. மடத்துத் தோட்டம் சுவாமி பிரம்மானந்தரின் பொறுப்பில் இருந்தது. சுவாமிஜியின் ஆடுமாடுகள் எல்லை தாண்டித் தோட்டத்தில் நுழைந்துவிடும். உடனே இரு சகோதரத் துறவியருக்கும் இடையே எல்லைத் தகராறு தொடங்கிவிடும். சுற்றியிருப்பவர்கள் சிரித்து மகிழ்வார்கள்.

அடுத்தடுத்து வந்த இழப்புகள்

பிராணிகளின் ஆயுள் குறுகியது. எனவே அவற்றை நேசிப்பவர்கள் பிரிவையும் சந்தித்தே ஆக வேண்டும். சுவாமிஜிக்கும் இதில் விலக்கு இருக்கவில்லை.

1901-ஆம் ஆண்டு செப்டம்பர் 7-ஆம் நாள் அவர் சகோதரி நிவேதிதைக்கு ஒரு கடிதம் எழுதினார். மழை கொட்டித் தீர்த்துக்கொண்டிருந்த நேரம். தேங்கிய நீர் வடிவதற்காக மடத்தில் ஆழமான கால்வாய் வெட்டப்பட்டது. நாரைக்கும் வாத்துகளுக்கும் ஒரே கொண்டாட்டம். மான் மடத்தைவிட்டு ஓடிவிட, அதைத் தேடிச் சில நாட்கள் எல்லோரும் கவலையில் இருக்க நேர்ந்தது. ஒரு வாரத்திற்கும் மேலாக மூச்சுத் திணறிக்கொண்டிருந்த வாத்து ஒன்று முந்தின நாள் இறந்துவிட்டது. இவற்றையெல்லாம் குடும்பத் தலைவரைப் போன்ற அக்கறையுடன் அக்கடிதத்தில் விவரித்துள்ளார். வேறொரு வாத்திற்குச் சிறகுகள் உதிர்ந்துகொண்டிருந்தன. வேறு வழி தெரியாததால், கார்பாலிக் அமிலத்தைச் சிறிதளவு கலந்த நீரில் அதைச் சில நிமிடங்கள் விட்டிருக்கிறார். வாத்து பிழைத்துக்கொண்டது.

அதே கடிதத்தில் நகைச்சுவைக்கும் இடமிருக்கிறது. மழைக்கும் ஈரத்திற்கும் வாத்துக்கே சளி பிடிக்கிறது, தவளையே தும்முகிறது என்றால் இந்தக் கலியுகத்தில் வாழ்ந்து என்ன பயன் என்று முதிய துறவி ஒருவர் வேடிக்கையாகச் சொன்னதையும் சுவாமிஜி குறிப்பிட்டிருக்கிறார். வருத்தமும் சிரிப்பும் ஒரே தாளில் இடம்பெற்றன. அந்தச் சிரிப்பு வாத்தின் மரணத்தை அற்பமாக்கவில்லை. துயரம் உள்ளத்தில் இறுகிவிடாமல் அது காத்தது.

மத்ருவின் மரணமோ அவரை ஆழமாகவே தாக்கியது. தாம் யாரை நேசித்தாலும் அவர்கள் விரைவில் இறந்துவிடுவது எவ்வளவு விந்தையானது என்று சீடர் ஒருவரிடம் மனம் வருந்திக் கூறினார். இது ஓர் ஆட்டுக்குட்டியை மட்டும் நினைத்துப் பேசிய பேச்சாக இருக்க முடியாது. இருபத்தொரு வயதில் தந்தையை இழந்தவர் அவர். இரண்டரை ஆண்டுகளில் குருதேவரும் மகாசமாதி அடைந்தார். பின்னர் சகோதரி ஒருத்தியின் துயர மரணம், அன்பர்களின் மறைவு என இழப்புகள் தொடர்ந்தன. புதிய துயரம் ஒன்று வரும்போது பழைய துயரங்களும் உடன் எழுந்து வருகின்றன. ஒரு சிறு பிராணியின் மரணம் சிலரை ஏன் இவ்வளவு உலுக்குகிறது என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

துறவிக்கு இதயம் இல்லையா?

ஞானிக்கு ஏன் துயரம் என்ற கேள்வியை சுவாமிஜி முன்பே எதிர்கொண்டிருக்கிறார். 1890-ஆம் ஆண்டு ஏப்ரலில் அவர் காசியில் தங்கியிருந்தார். ஸ்ரீராமகிருஷ்ணரின் இல்லறச் சீடரான பலராம் போஸ் காலமான செய்தி அங்கே அவருக்குக் கிடைத்தது. சுவாமிஜி கண்ணீர் வடித்தார். அவரிடம் பெருமதிப்புக் கொண்டிருந்த பண்டிதர் பிரமதாச மித்ரர் இதைக் கண்டு வியந்தார். துறவி இவ்வாறு துக்கப்படுவது முறையல்லவே என்று சுட்டிக்காட்டினார். துறவி ஆகிவிட்டதால் இதயத்தையும் துறந்துவிட வேண்டுமா என்று சுவாமிஜி திருப்பிக் கேட்டார். உண்மைத் துறவியின் உள்ளம் மற்றவர்களுடையதைவிட மென்மையாகவே இருக்க வேண்டும், இதயத்தைக் கல்லாக்கச் சொல்லும் துறவைத் தாம் ஏற்பதில்லை என்றும் விளக்கினார்.

அதற்காக அவர் துயரத்திலேயே தங்கிவிடவும் இல்லை. 1898-ஆம் ஆண்டு ஜூன் 2-ஆம் நாள், அவரது சொற்பொழிவுகளைச் சுருக்கெழுத்தில் எழுதிக் காத்த அன்புச் சீடர் குட்வின் உதகமண்டலத்தில் காலமானார். அல்மோராவில் இருந்த சுவாமிஜியை அந்தச் செய்தி பெரிதும் பாதித்தது. குட்வினின் நினைவு சில நாட்கள் அவரை விடாமல் தொடர்ந்தது. உடனே அவர் அந்த மனநிலையையே ஆராயத் தொடங்கினார். நினைவுக்கு அடிமையாகி வாடுவது ஒரு மாயை, மனிதன் அதை வெல்ல வேண்டும் என்றார். இறந்தவர்கள் முன்புபோலவே நம்முடன் இருக்கிறார்கள், அவர்கள் நம்மை விட்டுப் பிரிந்துவிட்டார்கள் என்பதே பொய் என்று அருகிலிருந்தவர்களுக்கு உணர்த்தினார். குட்வினின் நினைவாக ஒரு கவிதையும் இயற்றினார்.

இந்த இரண்டு நிகழ்ச்சிகளும் ஒன்றுக்கொன்று முரண்பட்டவை அல்ல. அழாமல் இருப்பது ஞானம் அன்று. அழுகையோடு நின்றுவிடுவதும் ஞானம் அன்று. துயரம் வரும்போது அதை மறுக்காமல் ஏற்று, அதன் வழியாகவே அழியாத ஒன்றை நோக்கி நகர்வது சுவாமிஜி காட்டிய பாதை.

அத்வைதத்தின் ஒளியில் பார்த்தால் மத்ருவுக்கும் இங்கே இடம் உண்டு. எல்லா உயிர்களிலும் விளங்குவது ஒரே ஆத்மா. புழுவிலிருந்து மகான் வரையில் உள்ள வேறுபாடு வெளிப்பாட்டின் அளவில்தான் என்பது சுவாமிஜியின் போதனை. அப்படியானால், மனிதனுக்காக வருந்துவது உயர்ந்தது, ஓர் ஆட்டுக்குட்டிக்காக வருந்துவது நகைப்பிற்குரியது என்று பிரிப்பதற்கு இடமேது?

மூடாத கதவு

இழப்பைச் சந்தித்தவர்கள் பலர், இனி எந்தப் பிராணியையும் வளர்க்கப்போவதில்லை என்று மனக் கதவை மூடிவிடுவது உண்டு. சுவாமிஜி அவ்வாறு செய்யவில்லை. 1902-ஆம் ஆண்டு மே மாதம் சகோதரி கிறிஸ்டைனுக்கு எழுதிய கடிதத்தில், தமது குடும்பத்தில் இரண்டு வெள்ளாட்டுக் குட்டிகளும் மூன்று செம்மறிக் குட்டிகளும் புதிதாகச் சேர்ந்திருப்பதைத் தெரிவித்தார். இன்னொரு குட்டியும் இருந்தது, அது மீன் தொட்டியில் விழுந்து இறந்துவிட்டது என்பதையும் உடனே சேர்த்து எழுதினார். வந்தவர்களுக்கு வரவேற்பு, போனதற்கு ஒரு நினைவு. இரண்டிற்கும் அந்த உள்ளத்தில் இடமிருந்தது.

அவரது அன்பைப் பெற்ற மற்றொரு ஜீவன் பாகா என்னும் நாய். கிரகண காலத்தில் சங்கும் மணியும் ஒலிக்க மக்கள் கங்கையில் நீராடும்போது, பாகாவும் இறங்கி நீராடுமாம்! ஒருமுறை அதன் குறும்பு எல்லை மீறிவிட்டது. துறவியர் அதைப் படகில் ஏற்றி அக்கரையில் விட்டு வந்தார்கள். ஆனால் அன்று மாலையே பாகா ஒரு படகில் ஏறிக்கொண்டது. இறக்க முயன்றவர்களைப் பார்த்து உறுமியது. பிறகு மடத்தருகே கரையில் இறங்கிக்கொண்டது. மறுநாள் விடியற்காலை நான்கு மணி அளவில் குளியலறைக்குச் சென்ற சுவாமிஜியின் காலில் இருட்டில் ஏதோ தட்டுப்பட்டது. பார்த்தால் பாகா! தஞ்சமடைய வேண்டிய இடம் எது என்பதை அது அறிந்திருந்தது. சுவாமிஜி அதைத் தட்டிக் கொடுத்தார். இனி அது என்ன செய்தாலும் மடத்தை விட்டு அனுப்பக் கூடாது என்று துறவியரிடம் சொல்லிவிட்டார்.

1902-ஆம் ஆண்டு ஜூலை 4-ஆம் நாள் இரவு, தமது முப்பத்தொன்பதாவது வயதில் சுவாமிஜி மகாசமாதி அடைந்தார். அவர் நேசித்த பிராணிகள் இப்போது அவரை இழந்தன.

பின்னர் ஒருநாள் பாகாவும் இறந்தது. அதன் உடலைக் கங்கையில் விட்டார்கள். வெள்ளம் அதை அடித்துச் சென்றிருக்க வேண்டும். ஆனால் நீரோட்டம் திரும்பியபோது பாகாவின் உடல் மடத்து நிலத்திலேயே வந்து ஒதுங்கிக் கிடந்தது. இதைக் கண்ட பிரம்மச்சாரி ஒருவரின் மனம் உருகியது. மூத்த துறவியரிடம் அனுமதி பெற்று, மடத்து மண்ணிலேயே அதை அடக்கம் செய்தார். உயிரோடு இருந்தபோது பாகாவை வெளியே அனுப்பக் கூடாது என்று சுவாமிஜி சொல்லியிருந்தார். அந்த வார்த்தையை அவரது மறைவுக்குப் பிறகும், பாகாவின் மறைவுக்குப் பிறகும் மடம் காப்பாற்றியது.

வீட்டில் வளர்ந்த நாயோ, பூனையோ, பசுவோ இறந்துபோகும்போது பலர் தனிமையில் அழுகிறார்கள். ஒரு மிருகத்திற்காகவா இவ்வளவு கவலை என்று பிறர் கேட்பார்களோ என்று கூசுகிறார்கள். அந்தக் கூச்சம் தேவையில்லை என்பதற்கு சுவாமிஜியின் வாழ்க்கையே சான்று. துயரப்படுவதால் நாம் ஆன்மீகத்தில் தாழ்ந்தவர்களாகிவிடுவதில்லை. அந்தத் துயரத்தை என்ன செய்கிறோம் என்பதே முக்கியம். போன உயிரை நன்றியுடன் நினைத்து, பசியோடு வாசலில் நிற்கும் அடுத்த உயிருக்கு ஒரு பிடி உணவிடும்போது, ஓர் உருவத்தில் குவிந்திருந்த அன்பு விரிவடைகிறது. மத்ருவின் கழுத்து மணி ஓய்ந்த பிறகும் சுவாமிஜி காலையில் எழுந்து மற்ற குட்டிகளுக்குத் தீனி வைத்தார். அன்பு தடைபடாமல் ஓடிக்கொண்டிருந்தது, மடத்தின் ஓரமாக ஓடும் கங்கையைப் போல.