பூட்டைத் திறந்த மருத்துவர்

உடல் நோய்க்கு மருந்து கண்ட பாஸ்டரையும் பிளெமிங்கையும் நாம் பள்ளிப் பருவத்திலேயே படித்துவிடுகிறோம். மன நோயாளியைப் பூட்டி வைப்பதே மருத்துவம் என்று நம்பிய காலத்தில், அந்தப் பூட்டைத் திறந்துவிட்ட ஒருவரை நம் பாடநூல்கள் அவ்வளவாகப் பேசுவதில்லை. அவர்தான் இத்தாலி நாட்டு மருத்துவர் பிராங்கோ பசாலியா.

1924 மார்ச் 11 அன்று வெனிஸ் நகரில் பிறந்த இவர், பதுவா பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்றார். பாசிசத்தை எதிர்த்த மாணவர்களோடு சேர்ந்ததால் 1944-இல் சிறை சென்றார். போர் முடியும்வரை கம்பிகளுக்குப் பின்னால் கழித்த அந்தச் சில மாதங்கள் அவர் நெஞ்சை விட்டு நீங்கவேயில்லை. 1949-இல் பட்டம் பெற்றார். 1953-இல் அவர் மணந்த பிராங்கா ஒங்காரோ அம்மையார், எழுத்திலும் போராட்டத்திலும் இறுதிவரை அவருக்குத் துணை நின்றார்.

1961-இல் யூகோஸ்லாவிய எல்லையோரம் இருந்த கொரிசியா நகர மனநல மருத்துவமனைக்கு அவர் இயக்குநரானார். உள்ளே நுழைந்ததும் தாம் கிடந்த சிறைதான் அவர் நினைவுக்கு வந்தது. முந்தைய இரவு கட்டிப்போடப்பட்ட நோயாளிகளின் பட்டியலை ஊழியர் கொண்டுவந்து நீட்டினார். இயக்குநர் கையெழுத்திடுவது வழக்கம். பசாலியா மறுத்துவிட்டார். ஆரவாரமில்லாத அந்த மறுப்பிலிருந்துதான் எல்லாம் தொடங்கியது.

கட்டுகள் அவிழ்ந்தன, கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. நோயாளிகளும் செவிலியரும் மருத்துவரும் ஒன்றாக அமர்ந்து பேசும் கூட்டங்கள் நடந்தன. ஆனால் இந்தப் பாதை மலர் விரித்த பாதையன்று. 1968-இல், ஒருநாள் விடுப்பில் வீடு சென்ற நோயாளி ஒருவர் தம் மனைவியைக் கொன்றுவிட்டார். பசாலியா மீது வழக்குப் பாய்ந்தது. பின்னர் அவர் குற்றமற்றவர் என விடுவிக்கப்பட்டார். பறிபோன உயிரைப் பொருட்படுத்தாமல் அவரைப் புகழ்வது முறையன்று. ஒருவர் செய்த குற்றத்துக்காக எல்லோரையும் மீண்டும் கட்டிப்போடுவதும் முறையன்று. இந்த இரண்டையும் தாங்கிக்கொண்டுதான் அவர் மேலே நடந்தார்.

1971-இல் திரியெஸ்தே நகரின் சான் ஜொவான்னி மருத்துவமனைப் பொறுப்பை ஏற்றார். அங்கே ஏறத்தாழ 1,200 பேர் அடைபட்டிருந்தனர். துப்புரவு முதலிய வேலைகளைக் கூலியின்றிச் செய்துவந்த நோயாளிகள் கூட்டுறவுச் சங்கம் அமைத்து முறையான ஊதியம் பெற்றனர். 1973-இல் கலைஞர்களும் நோயாளிகளும் சேர்ந்து, மரத்தாலும் காகிதக் கூழாலும் ஒரு பெரிய நீலக் குதிரையைச் செய்தார்கள். மருத்துவமனையில் சலவைத் துணி வண்டி இழுத்த மார்க்கோ என்ற குதிரையின் பெயரையே அதற்குச் சூட்டினர். ஊருக்குள் கொண்டுபோகப் புறப்பட்டபோது வாசல் போதவில்லை. வாசலை உடைத்துக்கொண்டு குதிரை வெளியேறியது. அதன் பின்னே நோயாளிகளும் ஊர்வலமாக நடந்தனர்.

கதவைத் திறந்துவிட்டால் போதுமா? நள்ளிரவில் ஒருவருக்கு மனம் கலங்கினால் குடும்பத்தார் எங்கே ஓடுவார்கள்? இந்தக் கேள்விக்கு விடையாகத்தான் 1975-இல் பார்க்கோலா பகுதியில் முதல் மனநல மையம் தோன்றியது. மற்றப் பகுதிகளிலும் மையங்கள் எழுந்தன. இரவும் பகலும் திறந்திருக்கும் சாதாரண வீடு போன்ற இடம், அதில் சில படுக்கைகள், பூட்டில்லாத கதவு. நெருக்கடியில் வருபவர் சில நாள்கள் தங்கித் தெளிந்து வீடு திரும்பலாம். வர இயலாதவரின் வீட்டுக்கு மருத்துவரும் செவிலியரும் செல்வார்கள். அவருக்கு வேலை இருக்கிறதா, வாடகை கொடுக்க முடிகிறதா என்பதையும் விசாரிப்பார்கள். அவர்களுக்கு அதுவும் மருத்துவமே.

1978 மே 13 அன்று இத்தாலி நாடாளுமன்றம் 180-ஆம் சட்டத்தை நிறைவேற்றியது. புதிய மனநல மருத்துவமனைகள் கட்டுவது நின்றது. பழையவை படிப்படியாக மூடப்பட வேண்டும் என்றாயிற்று. சட்டத்தை வரைந்தவர் அவரல்லர்; ஆயினும் மக்கள் அதைப் பசாலியா சட்டம் என்றே அழைத்தனர். இரண்டே ஆண்டுகளில், 1980 ஆகஸ்ட் 29 அன்று, மூளைக் கட்டியால் அவர் காலமானார். வயது 56.

மையங்கள் எழாத பகுதிகளில் பாரம் முழுவதும் குடும்பங்களின் தலையில், குறிப்பாகப் பெண்களின் தலையில், விழுந்தது. இதை மாற்ற, பிராங்கா அம்மையார் 1983 முதல் 1992 வரை செனட் சபை உறுப்பினராக இருந்து வாதாடினார். திரியெஸ்தேயில் பிராங்கோ ரொத்தெல்லி அப்பணியைத் தொடர்ந்தார். மருத்துவமனை வளாகத்தில் பின்னாளில் ரோஜாத் தோட்டம் மலர்ந்தது.

இந்த வரலாற்றைப் படித்தபோது எங்கள் தெரு அக்கா ஒருத்தி என் நினைவுக்கு வந்தாள். அவளை வீட்டின் பின்கட்டில் பூட்டி வைத்திருந்தார்கள். பள்ளிக்குப் போகும் எங்களைச் சன்னல் வழியே பெயர் சொல்லி அழைப்பாள், நாங்கள் ஓடிவிடுவோம். அவளுடைய அம்மா கொடியவரல்லர். கூலி வேலைக்குப் போகும்போது மகளை யாரிடம் விட்டுச் செல்வது என்று தெரியாதவர். அந்தப் பூட்டைப் பூட்டியது அந்தத் தாயின் கை மட்டுமன்று. ஓடிப்போன எங்கள் கால்களுக்கும் அதில் பங்குண்டு. எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். படித்ததன் பயனாக, அடுத்த முறை அந்தச் சன்னலருகே நிற்கவாவது வேண்டும் என்று எண்ணுகிறேன்.