பனிமலை ஆசான்

ஒரு கலையைத் தாம் கற்றுத் தேர்தல் ஒரு திறம். அதனைப் பிறர்க்கு எளிதாக்கிக் கற்பித்தல் அதனினும் பெரிய திறம். பனிமலைச் சரிவில் பறவைபோற் பாய்ந்து செல்லும் வீரரைக் கண்டு வியப்போர் பலர். அவ்வாற்றலை அச்சம் மிகுந்த முதியோர்க்கும், கால் நடுங்கும் சிறுவர்க்கும், மலையேறி அறியாத நகரத்தார்க்கும் படிப்படியாக ஊட்ட முடியும் என்று செய்து காட்டியவர் ஆஸ்திரிய நாட்டு ஹன்னஸ் ஷ்னைடர் ஆவார். பனிச்சறுக்கு ஆசிரியர்களுள் தலைசிறந்தவர் என உலகம் அவரைப் போற்றுகின்றது. ஆயினும், அவருடைய பெருமை பனிச்சரிவில் மட்டும் விளங்கியதன்று. கொடுங்கோன்மை தம் ஊர் வாயிலில் வந்து நின்ற நாளிலும் அவர் கொள்கையில் வழுக்கி வீழவில்லை.

ஆர்ல்பெர்க் மலை

ஆஸ்திரியாவின் மேற்குப் பகுதியில், டைரால், ஃபோரால்பெர்க் என்னும் இரு மாநிலங்கள் கூடும் இடத்தில் ஆர்ல்பெர்க் கணவாய் உள்ளது. அதன் உயரம் ஏறத்தாழ 1,800 மீட்டர். பனி என்றவுடன் மார்கழிக் காலையில் புல்நுனியில் ஒளிரும் நீர்த்துளியே நம் நினைவுக்கு வரும். ஆல்ப்ஸ் மலையில் பெய்யும் பனி அத்தகையதன்று. அது பஞ்சுபோல் வானினின்றும் இறங்கி, கூரைகளையும் பாதைகளையும் மூடி, ஆள் உயரத்திற்கும் மேலாகக் குவிவது. மலைமேற் குவிந்த பனி சில வேளைகளில் திடீரெனப் பெயர்ந்து, இடிபோல் முழங்கிக்கொண்டு கீழே பாய்ந்து, எதிர்ப்பட்ட மரங்களையும் மனிதரையும் புதைத்துவிடும். பழங்காலத்தில் இக்கணவாயைக் கடக்க முயன்று உயிரிழந்த வழிப்போக்கர் பலர். அவர்களைக் காக்கும்பொருட்டு ஹைன்ரிக் என்னும் எளிய மேய்ப்பர் ஒருவர் 1386ஆம் ஆண்டிலேயே கணவாயின்மேல் ஒரு சத்திரம் அமைத்தார்.

1884ஆம் ஆண்டில் மலையைக் குடைந்து, பத்துக் கிலோமீட்டருக்கும் மேற்பட்ட நீளமுடைய இரயில் சுரங்கம் திறக்கப்பட்டது. அதன் கீழ்த்திசை வாயிலில், 1,304 மீட்டர் உயரத்தில் அமைந்த சிற்றூர் செயின்ட் ஆன்டன். அதனைச் சூழ்ந்த சரிவுகள் செங்குத்தானவை, மேடும் பள்ளமும் மிக்கவை, தேர்ந்தவரையும் சோதிப்பவை. இவ்வூரே பின்னாளில் நம் ஆசானின் பள்ளிக்கூடம் ஆயிற்று.

பிறப்பும் இளமையும்

கணவாயின் மேற்குப்புறத்தில் ஷ்டூபன் என்னும் மலைக் குக்கிராமம் உள்ளது. அங்கு 1890ஆம் ஆண்டு ஜூன் திங்கள் 24ஆம் நாள் ஹன்னஸ் ஷ்னைடர் பிறந்தார். அவர் தந்தையார் கணவாய்ச் சாலையைப் பேணும் பணியில் இருந்தவர்; செல்வர் அல்லர். ஹன்னஸ் சிறுவராயிருந்த நாளில் விக்டர் சோம் என்பவர் அவ்வூர்ப் பக்கம் வந்தார். அவர் ஆல்ப்ஸ் மலையில் பனிச்சறுக்கைப் பரப்பிய முன்னோடிகளுள் ஒருவர். இரண்டு நீண்ட மரக்கட்டைகளைக் காலிற் பூட்டிக்கொண்டு அவர் பனிமேல் வழுகிச் சென்ற காட்சி சிறுவரின் உள்ளத்தைக் கவர்ந்தது. அன்று முதல் அவருக்கு அதே நினைவு. கிடைத்த கட்டைகளைக் கொண்டு தாமே பழகினார்; விழுந்தார்; எழுந்தார்; மீண்டும் பழகினார். சிறுவரின் ஆர்வத்தைக் கண்ட சோம் அவருக்கு வழிகாட்டினார்.

செயின்ட் ஆன்டனில் போஸ்ட் ஓட்டல் என்னும் விடுதியை நடத்தி வந்தவர் கார்ல் ஷூலர். குளிர்காலத்தில் விருந்தினர் வருவதற்குப் பனிச்சறுக்குக் கற்பிக்கும் ஆசிரியர் ஒருவர் வேண்டும் என்று அவர் எண்ணினார். 1907ஆம் ஆண்டில் அப்பணி ஷ்னைடருக்குக் கிட்டியது. அப்போது அவருக்கு வயது பதினேழு.

புதிய முறை

பனிச்சறுக்கு நார்வே நாட்டில் தழைத்த கலை. அந்நாட்டாரின் முறையில் ஒரு காலை முன்னே நீட்டி, மற்றொரு முழங்காலைத் தாழ மடித்து, உடலை நிமிர்த்தித் திரும்புவர். மென்சரிவுகளில் அது கண்ணுக்கு இனியது. ஆல்ப்ஸ் மலையின் செங்குத்துச் சரிவுகளில் அம்முறை போதவில்லை. ஆஸ்திரியரான மத்தியாஸ் ஸ்டார்ஸ்கி, ஒற்றைக் கோலை ஊன்றிக்கொண்டு கட்டைகளை அகற்றித் திரும்பும் முறையொன்றை வகுத்தார். அம்முறை காப்பானது, ஆனால், விரைவு குன்றியது.

ஷ்னைடர் இவ்விரண்டையும் ஆராய்ந்தார். முழங்கால்களை மடித்து உடலைத் தாழ்த்தி முன்சாய்ந்து நின்றால் விழும் அச்சம் குறைவதைக் கண்டார். கட்டைகளின் முன்முனைகளை நெருக்கிப் பின்முனைகளை அகற்றினால், அவை பனியை உழும் கலப்பைபோல் அழுந்தி வேகத்தைத் தணிக்கும். அந்நிலையில் உடற்பாரத்தை வலக்கட்டையின்மேல் மிகுத்தால் இடப்பக்கம் திரும்பலாம். இடக்கட்டையின்மேல் மிகுத்தால் வலப்பக்கம் திரும்பலாம். இத்திருப்பத்தில் தேர்ந்தபின், அகற்றிய கட்டைகளைத் திருப்பத்தின் முடிவில் ஒருங்கு சேர்த்து, இரண்டும் இணையாக வழுகுமாறு விரைந்து திரும்பப் பழகலாம். ஒன்றினின்று ஒன்று கிளைக்கும் இப்படிநிலைகளே ஆர்ல்பெர்க் முறை எனப் பெயர் பெற்றன.

1914ஆம் ஆண்டில் முதல் உலகப் போர் மூண்டது. ஷ்னைடர் படையிற் பணியாற்றி, மலைப்படையினர்க்குப் பனிச்சறுக்குக் கற்பித்தார். ஒருவருக்குத் தனியே கற்பிப்பது வேறு; பலருக்குக் குறுகிய காலத்தில் ஒருங்கே கற்பிப்பது வேறு. முறையான வகுப்பின் தேவையை அப்போது அவர் நன்குணர்ந்தார்.

ஒரு வாரப் பாடம்

போர் முடிந்தபின், 1921ஆம் ஆண்டில், ஷ்னைடர் செயின்ட் ஆன்டனில் ஆர்ல்பெர்க் பனிச்சறுக்குப் பள்ளியை நிறுவினார். அப்பள்ளிக்குக் கூரையில்லை; பலகையில்லை. வெண்பனிச் சரிவே வகுப்பறை. ஆயினும், அங்கு நிலவிய ஒழுங்கு எந்தக் கல்விக்கூடத்திற்கும் குறைந்ததன்று.

விடுமுறையில் ஒரு வாரம் தங்கிக் கற்க அங்கு வரும் ஒருவரை எண்ணிப் பார்ப்போம். வந்தவுடன் உயர்ந்த மலைக்கு ஏறிவிட அவருக்கு ஆவல் இருக்கும். ஆனால், முதலில் அவர் ஆசிரியர்முன் சிறு சரிவொன்றில் இறங்கிக் காட்டுதல் வேண்டும். அவருடைய திறமையைக் கண்டு, ஏற்ற வகுப்பிற் சேர்ப்பர். அவர் அணிந்துள்ள ஆடையோ, வங்கியிலுள்ள பொருளோ அங்குக் கணக்கில் வாராது. செல்வராயினும் திறன் இல்லையேல் தொடக்க வகுப்பே; எளியவராயினும் திறன் இருப்பின் மேல்வகுப்பே.

தொடக்க வகுப்பினர் முதலில் கற்பது ஓடுவதன்று. சமநிலத்தில் நடத்தல், பக்கவாட்டில் படியேறுவதுபோல் சரிவில் ஏறுதல், காயமின்றி விழுதல், விழுந்தபின் எழுதல் ஆகியவற்றையே முதலிற் பழகுவர். அடுத்து நேர்ச்சறுக்கும் கலப்பை நிலையும் வரும். வேகத்தைக் கூட்டுமுன் அதனை அடக்கக் கற்க வேண்டும் என்பது ஷ்னைடரின் கொள்கை. நினைத்த இடத்தில் நிற்க வல்லவனே விரைந்து செல்லத் தகுதியுடையவன் அன்றோ? நிற்கக் கற்றபின் திருப்பம். திருப்பத்தில் தேர்ந்தபின் சற்றே செங்குத்தான சரிவு. விரைந்து கற்றவர் மேல்வகுப்புக்குச் செல்வர். தடுமாறியவர் முந்திய பாடத்தை மீண்டும் பழகுவர். அதனை எவரும் இழிவாகக் கருதுவதில்லை.

அக்காலத்தில் மேலே இழுத்துச் செல்லும் பொறிகள் இல்லை. ஒருமுறை சறுக்கி இறங்குவதற்கு நெடுநேரம் மலையேறுதல் வேண்டும். 1937ஆம் ஆண்டில்தான் கால்ட்சிக் மலைக்குக் கம்பிவடப் போக்குவரத்து அங்கு அமைந்தது. ஆகவே, உடல் களைத்துப் போகாதவாறு ஏற்றத்தையும் ஓய்வையும் பயிற்சியையும் அளந்து வகுத்தல் ஆசிரியரின் கடமையாயிற்று. வானிலை, பனியின் தன்மை, பனிப்பாளம் பெயர்ந்து விழக்கூடிய இடங்கள் ஆகியவற்றையும் அவர் அறிந்திருத்தல் வேண்டும். மாணவனால் அடக்க முடியாத சரிவுக்கு அவனை அழைத்துச் செல்லுதல் துணிவன்று, பிழை.

பள்ளியின் ஆசிரியர் அனைவரும் ஒரே முறையிலேயே கற்பித்தனர். இன்று ஒருவரிடமும் நாளை மற்றொருவரிடமும் பயின்றாலும் மாணவர்க்குக் குழப்பம் நேர்வதில்லை. வாரத்தின் தொடக்கத்தில் நிற்கவும் அஞ்சியவர், தம்முடைய வேகத்தைத் தாமே ஆளும் தன்னம்பிக்கையுடன் ஊர் திரும்பினார். இன்று உலகெங்கும் பனிச்சறுக்குப் பள்ளிகளில் மாணவரைத் திறன்வழிப் பிரித்துப் படிப்படியாகக் கற்பிக்கும் வழக்கம் பெரிதும் ஷ்னைடர் காட்டிய வழியே.

கடல் கடந்த புகழ்

அர்னால்ட் ஃபாங்க் என்னும் திரைப்பட இயக்குநர் பனிச்சறுக்கைப் பற்றி எடுத்த படங்களில் ஷ்னைடர் தோன்றினார். 1920ஆம் ஆண்டிலும் 1931ஆம் ஆண்டிலும் வெளிவந்த அப்படங்கள் பனிமலையைக் கண்டறியாதார்க்கும் அவரை அறிமுகம் செய்தன. ஆங்கிலேயரான அர்னால்ட் லன் என்பவருடன் சேர்ந்து 1928ஆம் ஆண்டில் அவர் செயின்ட் ஆன்டனில் தொடங்கிய ஆர்ல்பெர்க் கண்டஹார் போட்டி பெரும்புகழ் எய்தியது. 1930ஆம் ஆண்டில் ஜப்பானியரின் அழைப்பை ஏற்று, அந்நாட்டிற்கும் சென்று தம் முறையை விளக்கினார்.

புயல்

இவ்வாறு புகழ் ஓங்கிய வேளையில் ஐரோப்பாவைக் கருமேகம் சூழ்ந்தது. ஜெர்மனியில் இட்லர் ஆட்சியைக் கைப்பற்றி, யூத மக்களைப் பகைவர் எனத் தூற்றினான். செயின்ட் ஆன்டன் ஊரை உலகறியச் செய்ததில் ஷ்னைடருக்குத் துணைநின்றவர் ரூடால்ஃப் கோம்பெர்ட்ஸ் என்னும் பொறியாளர். 1905ஆம் ஆண்டில் அவ்வூருக்கு வந்து, அதன் வளர்ச்சிக்கே தம் உழைப்பை ஈந்தவர். யூத மரபிற் பிறந்தவர். ஷ்னைடர் அவருடைய நட்பை விடவில்லை; நாஜிகளின் கொள்கையில் தமக்கிருந்த வெறுப்பை மறைக்கவுமில்லை.

1938ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் ஜெர்மானியப் படை ஆஸ்திரியாவினுள் புகுந்தது. அந்நாள்களிலேயே ஷ்னைடர் கைது செய்யப்பட்டு, லாண்டெக் நகரச் சிறையில் அடைக்கப்பட்டார். ஊருக்கு வாழ்வளித்தவர், அவ்வூரினின்றே குற்றவாளிபோல் கொண்டுசெல்லப்பட்டார். செய்தி பரவவே, பல நாட்டு நண்பர்கள் கொதித்தெழுந்தனர். அவ்வாண்டு செயின்ட் ஆன்டனில் நடக்கவிருந்த போட்டியை அர்னால்ட் லன் நிறுத்திவிட்டார். சில வாரங்களின்பின் ஷ்னைடர் சிறையினின்று விடுவிக்கப்பட்டார். ஆயினும், ஊர் திரும்ப இசைவு கிட்டவில்லை. ஜெர்மனியில் கார்மிஷ் என்னும் ஊரில் கண்காணிப்பின்கீழ் வாழ்ந்தார்.

அமெரிக்காவில் நார்த் கான்வே என்னும் சிற்றூரிற் பிறந்து, நியூயார்க்கில் பெரும் வங்கியாளராய் விளங்கியவர் ஹார்வி கிப்சன். அவர் தம் ஊரில் கிரான்மோர் என்னும் மலையில் பனிச்சறுக்குத் தளம் அமைத்திருந்தார். ஜெர்மனி அமெரிக்க வங்கிகளுக்குச் செலுத்த வேண்டிய கடன்கள் பற்றிய பேச்சில் அவருக்குச் செல்வாக்கு இருந்தது. அதனைப் பயன்படுத்தி ஷ்னைடரின் விடுதலைக்கு வழி செய்தார்.

புதிய மண்

1939ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 11ஆம் நாள், ஷ்னைடர் மனைவி மக்களுடன் நார்த் கான்வே இரயில் நிலையத்தில் வந்திறங்கினார். ஊர்ச்சிறுவர் சிறுமியர் சறுக்குக்கோல்களை உயர்த்தித் தோரண வாயில்போற் பிடித்து அவரை வரவேற்றனர். அவருக்கு அப்போது வயது நாற்பத்தெட்டு. ஆர்ல்பெர்க் மலையோடு ஒப்பிட்டால் கிரான்மோர் ஒரு சிறு குன்றே. ஆயினும், அவர் சிறுமை பாராட்டவில்லை. மரங்களை அகற்றி, சரிவுகளைச் செம்மை செய்து, அக்குன்றினைக் கற்போர்க்கு ஏற்ற களமாக்கினார். அங்கும் முதற்பாடம் நிற்கக் கற்றலே.

ஷ்னைடரின் மாணவர் பலரும் அமெரிக்காவில் ஆசிரியராயினர். அவர் மகன் ஹெர்பர்ட் அமெரிக்காவின் பத்தாம் மலைப்படையிற் சேர்ந்து இத்தாலியில் போரிட்டார். ஆனால், அப்பொறியாளர் நண்பருக்கு மீட்சி கிட்டவில்லை. கோம்பெர்ட்ஸ் 1942ஆம் ஆண்டில் வியன்னாவிலிருந்து நாடு கடத்தப்பட்டுக் கொல்லப்பட்டார். தம் உழைப்பால் ஓர் ஊரை வளர்த்த இருவருள் ஒருவர் பிறநாட்டில் உயிர் தப்பினார். மற்றவர் உயிரையே இழந்தார். கொடுங்கோன்மையின் கொடுமைக்கு இதனினும் சான்று வேண்டுமோ?

ஷ்னைடர் 1955ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் நார்த் கான்வேயில் காலமானார். கிரான்மோர் மலையடிவாரத்தில் அவருடைய சிலை நிற்கின்றது. ஒவ்வொரு குளிர்காலத்திலும் அதனருகே புதியவர் எத்தனையோ பேர் சறுக்குக்கட்டைகளைக் காலிற் பூட்டி, கட்டைமுனைகளை நெருக்கி நிற்கப் பழகுகின்றனர். அவர்களுட் பலர் ஆசானின் பெயரையும் அறியார். ஆயினும், அவர் வகுத்த பாடத்தையே பயில்கின்றனர்.

உயரத்தை அடைய விரும்புவோர் அடிப்படையைப் பொறுமையுடன் கற்றல் வேண்டும். விரைவை விரும்புவோர் தம்மை அடக்கும் ஆற்றலை முதலிற் பெறுதல் வேண்டும். இவ்வுண்மை பனிமலைக்கு மட்டும் உரியதன்று, வாழ்க்கைக்கும் உரியது. சரிவு எத்துணைச் செங்குத்தாயினும் நிலைதவறாது நிற்கக் கற்பித்த ஷ்னைடர், தம் வாழ்விலும் அவ்வாறே நின்றார்.