சிறிய மாத்திரை, பெரிய மனிதர்



அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பகுதிகளில் அரசு மருத்துவமனைக்குச் செல்லும் கர்ப்பிணித் தாய்மார்களின் கையில் இரும்புச்சத்து மாத்திரை கொடுக்கப்படுவதை நாம் அறிவோம். அதில் ஃபோலிக் அமிலமும் உள்ளது. அதை ஆய்வுக்கூடத்தில் உருவாக்கிய குழுவை வழிநடத்தியவர், நமது சென்னையில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவ்.

1895 சனவரி 12 அன்று ஆந்திராவின் பீமாவரத்தில் பிறந்தார். மெட்ரிகுலேஷன் தேர்வில் இருமுறை தோற்று, மூன்றாம் முறை சென்னை இந்து உயர்நிலைப் பள்ளியில் படித்துத் தேறினார். மாநிலக் கல்லூரியில் பயின்றபின் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். காந்தியடிகளின் அழைப்பை ஏற்றுக் கதராடை அணிந்தது ஆங்கிலேயப் பேராசிரியருக்குப் பிடிக்கவில்லை. எம்.பி.பி.எஸ். பட்டத்திற்குப் பதிலாக, அதைவிடக் குறைந்த எல்.எம்.எஸ். சான்றிதழே அவருக்குக் கிடைத்தது.

இதற்கிடையே, உணவின் சத்தைக் குடல் உறிஞ்ச முடியாமல் போகும் 'ஸ்புரூ' நோய்க்கு உடன்பிறந்தவரைப் பறிகொடுத்தார். அவரையும் அதே நோய் தாக்கியது. ஆயுர்வேத மருத்துவத்தால் பிழைத்துக்கொண்டார்.

கருவுற்றிருந்த மனைவி சேஷகிரியை விட்டு அமெரிக்கா சென்றார். ஹார்வர்டில் படித்துக்கொண்டே, மருத்துவமனையில் இரவு நேரக் கடைநிலைப் பணியாளராக உழைத்தார். பிறந்த மகன் சில மாதங்களிலேயே இறந்துபோனான். தந்தை அவனைப் பார்க்கவேயில்லை.

அக்காலத்தில், லாக்டிக் அமிலம் உண்டாகும்போதுதான் தசை சுருங்கும் ஆற்றலைப் பெறுகிறது என்று அறிஞர்கள் எண்ணினர். அத்துறை ஆய்வுக்கு 1922ஆம் ஆண்டின் நொபெல் பரிசே வழங்கப்பட்டிருந்தது. ஆனால் சுப்பாராவும் அவருடைய பேராசிரியர் சைரஸ் ஃபிஸ்கேயும் 1927இல் தசையில் பாஸ்போகிரியேட்டின் என்னும் பொருளைக் கண்டுபிடித்தனர். தசை வேலை செய்யும்போது அது சிதைகிறது, ஓய்வெடுக்கும்போது மீண்டும் உருவாகிறது. 1929இல், உயிரணுக்களின் ஆற்றல் நாணயமான ஏ.டி.பி.யையும் கண்டறிந்தனர். அதே ஆண்டு ஜெர்மனியில் கார்ல் லோமன் என்பவரும் தனியே அதைக் கண்டறிந்திருந்தார். 1930இல் சுப்பாராவ் முனைவர் பட்டம் பெற்றார். எனினும் ஹார்வர்டில் அவருக்கு நிரந்தரப் பணி கிடைக்கவில்லை.

1940இல் லெடர்லே மருந்து நிறுவனத்தில் சேர்ந்தார். 1945இல் அவருடைய குழு ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாக உருவாக்கியது. எந்த நோய் அவர் வீட்டில் மரணத்தை விதைத்ததோ, அந்த ஸ்புரூவுக்கே அது மருந்தானது! அதன் எதிர்ப்பொருளான அமினோப்டெரின், இரத்தப் புற்றுநோயுற்ற குழந்தைகளுக்கு முதல் நம்பிக்கை தந்தது. யானைக்கால் நோய் ஒழிப்பிற்கு நாம் விழுங்கிய டி.இ.சி. மாத்திரையும் அவருடைய குழுவின் கொடையே.

தாயகம் திரும்பாமலே 1948 ஆகஸ்டில் 53 வயதில் காலமானார். அமெரிக்கக் குடியுரிமை பெறவேயில்லை. 1995இல் இந்திய அரசு அவருக்கு அஞ்சல்தலை வெளியிட்டது.

இவரைப் புகழும் நாம், காத்திருந்தே காலம் கழித்த சேஷகிரியை மறக்கலாகாது. பலர் நலம்பெற்றதற்கான விலையில் பாதியை அந்தப் பெண் செலுத்தினார்.

நம் பங்குகளிலும் தேர்வில் தோற்றுத் தலைகுனிந்து நிற்கும் பிள்ளைகள் உண்டு. வெளிநாட்டில் உழைக்கும் கணவருக்காகக் காத்திருக்கும் மனைவியர் உண்டு. முன்னவருக்கு இன்னொரு வாய்ப்புத் தருவோம். பின்னவரின் வீட்டுக் கதவை இந்த வாரமே தட்டி, நலம் விசாரிப்போம்.